காப்புக் கட்டிய கை

கண்டரமாணிக்கத்திலிருந்து வந்த சேவுகப்பெருமாள் கடை மேசையில் அந்தப் பிளெக்ஸை விரித்தபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறப் பின்னணி, இரண்டு ஓரமும் குத்துவிளக்கு, நடுவில் அவருடைய அப்பா வேட்டி சட்டையோடு. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. அதுவரை ஒரு குறையும் இல்லை. படத்துக்குக் கீழே, நானே எழுதி, எடுப்பாகத் தெரியட்டும் என்று நானே பெரிதாக்கி வைத்த வரி இருந்தது. 'எல்லா வளமும் பெற்று இன்றுபோல் என்றும் வாழ்க!' ஆச்சரியக்குறி வேறு.

"படிங்கம்மா. சத்தமாப் படிங்க" என்றார் அவர். நான் எங்கே படிக்க? "இன்னைக்கிப் போல என்னைக்கும்னு போட்டிருக்கீக. எங்கப்பா இன்னைக்கி ஐஸ் பெட்டிக்குள்ள இருக்காரு. என்னைக்கும் அங்குட்டே இருக்கச் சொல்றீகளா?"

அச்சு இயந்திரத்தின் பக்கம் நின்ற மரிய ஜெரால்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. முதலாளி குழந்தைவேலு அண்ணன் எழுந்து வந்து கைகூப்பி, மன்னிப்புக் கேட்டு, புதிதாக அடித்துக் கொடுத்து அனுப்பினார். எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்ததுகூடக் குடித்த பிறகுதான் தெரிந்தது.

காரைக்குடியில் இந்தக் கடையில் எட்டு வருஷமாக நான்தான் வரி எழுதுகிறேன். காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கல்யாணம், புதுமனை, பதினாறாம் நாள், கபடிப் போட்டி, எது வந்தாலும் படத்தை வெட்டி ஒட்டுவதும் நான்தான், கீழே நாலு வரி எழுதுவதும் நான்தான். நாச்சியாபுரத்தில் ஒரு பஸ் டிரைவர் இறந்தபோது, 'உன் நிறுத்தம் வந்ததென்று இறங்கிவிட்டாய், நாங்கள் இன்னும் கை காட்டிக்கொண்டு நிற்கிறோம்' என்று எழுதினேன். அந்தப் பிளெக்ஸைக் கழற்ற மனமில்லாமல் மழையில் நைந்து போகும்வரை வைத்திருந்தார்களாம். அதற்குப் பிறகு, 'அந்தப் பொம்பளையை எழுதச் சொல்லுங்க' என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். பிளெக்ஸில் என் பேர் இருக்காது. ஓரத்தில் கடைப் பேரும் போன் நம்பரும்தான் இருக்கும். அது போகட்டும். என்னுடையது என்று இந்த உலகத்தில் ஏதாவது இருக்கிறதென்றால் அந்த வரிகள்தான். அதுதான் வற்றிவிட்டது. ஆறு மாதமாக, உட்கார்ந்தால் பழைய வரிகளே திரும்பத் திரும்ப வருகின்றன. எந்த வரி சாவுக்கு, எந்த வரி கல்யாணத்துக்கு என்றுகூடத் தெரியாமல் வருகின்றன.

அன்று சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார். "என்னம்மா ஆச்சு ஒனக்கு?"

"ஓய்வு வேணும்ண்ணே. உள்ள ஒண்ணும் இல்ல."

"எறைக்கிற கெணறுதாம்மா ஊறும்."

"ஊறுறதுக்கு ராத்திரின்னு ஒண்ணு வேணும்லண்ணே? விடிய விடிய மோட்டார் போட்டா சேறுதான் வரும்."

அவர் சிரித்தார். பிறகு தன் போனைத் தூக்கிக் காட்டினார். "இப்ப இதுல கேட்டா நொடியில நாலு கவிதை குடுக்குது. அதுக்குச் சம்பளம் இல்ல, லீவும் இல்ல. ஒனக்கு முடியலன்னா சொல்லு, நான் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன்." இவ்வளவு இனிமையாக ஒருத்தரை வேலையை விட்டுத் தூக்குவேன் என்று சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கடைசியில், "மூணு நாள் வீட்ல இருந்துட்டு வா" என்றார்.

அந்த மூன்று நாளைப் பற்றிக் கேட்காதீர்கள், வயிறு எரிகிறது. என் வீட்டுக்காரர் பூமிநாதன் மின்வாரியத்தில் லைன்மேன். அவருக்கு லீவு என்றால் காற்றாடிக்கு அடியில் கைலியைப் போர்த்திக்கொண்டு தூங்குவார். 'கம்பத்துல ஏறி எறங்குற ஒடம்பு' என்று மாமியார் அம்மாக்கண்ணு குக்கர் விசில்கூட அடிக்காமல் பார்த்துக்கொள்வார். எனக்கு லீவு என்றதும் அதே வீடு என்ன செய்தது? என்னைப் பரணைச் சுத்தம் பண்ண வைத்தது. மிளகாய் காயப்போட வைத்தது. சின்ன நாத்தனாரைத் தையல் கடைக்குக் கூட்டிப் போகச் சொன்னது. "சும்மாதான இருக்க" என்பதைக் கேட்டுக் கேட்டு என் காது புண்ணாகிவிட்டது. கடையிலிருந்தும் போன். "தேவிகாக்கா, அஞ்சு நிமிஷ வேலைதான், ஒரே ஒரு கல்யாணம், ரெண்டு வரி மட்டும்." என் மூளை கம்பத்தில் ஏறுவதில்லை அல்லவா, அதனால் அதற்கு அசதியே கிடையாது. உட்கார்ந்து யோசிக்கிறவளைப் பார்த்தால் எல்லோருக்கும் அவள் ஒன்றும் செய்யாமல் இருக்கிற மாதிரியே தெரிகிறது. நான்காம் நாள் வேலைக்குத் திரும்பியபோது, லீவில் போனதைவிடக் களைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சாக்கோட்டைப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் பங்குனித் திருவிழாவுக்கு நாள் குறித்துச் சாட்டினார்கள். காப்புக் கட்டிக்கொண்டால் பால்குடம் எடுக்கிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மஞ்சள் கோத்த நூலை மணிக்கட்டில் கட்டிவிட்டால், அவள் அம்மனுக்கு நேர்ந்தவள், அவளை யாரும் ஏவக் கூடாது. இது எங்கள் ஊர் வழக்கம். எனக்கு அதற்கு முன்னால் அப்படி ஒரு வேண்டுதலும் இருந்ததில்லை. தாயே, நீயாவது எனக்கு லீவு வாங்கிக் கொடு என்று கேட்டுவிட்டுத்தான் பேர் கொடுத்தேன்.

அண்ணனிடம் சொன்னேன். "அம்மன் காரியமா? போயிட்டு வாம்மா" என்று எழுந்தே நின்றுவிட்டார். "எனக்கும் சேத்து வேண்டிக்க." திருவிழா முடியும் வரை லீவு. உள்ளே ஒன்றும் இல்லை என்று கெஞ்சியபோது மூன்று நாள் கொடுத்த அதே மனிதர். சாமி கேட்டால் உண்டு, சாதா மனுஷி கேட்டால் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே கத்தியிருப்பேன், லீவு போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

காப்புக் கட்டியதும் வீடு மாறிவிட்டது. தனிப் பாய், தனித் தட்டு. மாமியார் தானே அடுப்பைப் பற்றவைத்தார். போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன். காலையில் ஊருணியில் குளித்துவிட்டு, ஈரச் சேலையோடு படித்துறையிலேயே உட்கார்ந்துவிடுவேன். என்ன செய்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கையைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள்.

முதல் இரண்டு நாள் நரகம். எதைப் பார்த்தாலும் தலைக்குள் வரி ஓடியது. எருமை தண்ணீரில் இறங்கினால் 'இறங்கினாய்' என்று எடுத்து 'உறங்கினாய்' என்று முடித்தது. எதிர்க்கரையில் ஒருத்தி தன் பிள்ளையை அதட்டினால் 'அன்பும் பண்பும்' என்று ஆரம்பித்தது. சீ, நிறுத்து என்று என்னையே திட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் மதியம் ஒரு நீர்க்கோழி முங்கியது. எங்கே எழும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் எழும்பவே இல்லை. அப்புறம் நான் பார்க்காத பக்கத்தில் எழும்பி, தலையைச் சிலுப்பிக்கொண்டு போனது. அவ்வளவுதான். தலைக்குள் ஒரு வரியும் ஓடவில்லை என்பது வீட்டுக்கு வந்து சோறு தின்னும்போதுதான் உறைத்தது. அன்று ராத்திரி அடித்துப் போட்டது போலத் தூங்கினேன். அதற்குப் பிறகு வந்த ஒரு நாளில் கோடை மழை கொட்டியது. ஊருணியில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டு நனைந்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எனக்கு ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மாயக்கண்ணன் மாமா வீட்டுக்கு வந்தார். கோயில் கமிட்டித் தலைவர், ஊரில் டிராக்டர் வைத்திருக்கிறவர். பூக்குழியில் தீ மிதிப்பதற்காக அவர் கையிலும் காப்பு இருந்தது. வாசலிலேயே நின்றார்.

"தேவிகா, ஊர் முகப்புல வைக்கிற பிளெக்ஸ் அடிக்கக் குடுத்திருக்கோம். ஒங்க கடையிலதான். படமெல்லாம் போட்டாச்சு. கீழ அம்மனுக்கு நாலு வரி வேணும்."

"நான் எழுதுறதா இல்ல மாமா."

"ஒங்க மொதலாளிதான் ஒன்கிட்டக் கேட்டு வாங்கிக்கச் சொன்னாரு. போன்ல கேட்டு ஒண்ணு எடுத்துக் காட்டுனாரு. அதுல, 'அம்மனுக்கு எங்கள் இனிய நல்வாழ்த்துகள்'னு இருக்கு. அம்மனுக்கு நாம வாழ்த்துச் சொல்லவாத்தா?"

அடப்பாவி அண்ணா என்று நினைத்தேன். நேரே கேட்டால் பாவம் என்று, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து கேட்கிறார். உள்ளேயிருந்து வீட்டுக்காரர் வந்தார். "எழுதிக் குடுத்துரு தேவிகா. கடைக்கின்னாத்தான் கூடாது. இது அம்மனுக்குத்தான? அஞ்சு நிமிஷ வேலை."

அந்த அஞ்சு நிமிஷம். எட்டு வருஷமாக என்னைத் தின்ற அந்த அஞ்சு நிமிஷம்.

"மாமா, ஒங்க டிராக்டர் எங்க நிக்கிது?"

அவருக்குப் புரியவில்லை. "கொட்டகையில. ஏன்?"

"நேத்து நல்ல மழை. கொல்லைக் காடெல்லாம் பதமா இருக்கு. இன்னைக்கி விட்டா ஈரம் காஞ்சிரும். ஊரே ஒழவுக்கு ஒங்களத்தான நம்பியிருக்கு. ஒரு அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு வாங்களேன்."

"என்னத்தா பேசுற? காப்புக் கட்டிக்கிட்டு ஏர் ஓட்டவா?" அவர் குரல் நிஜமாகவே நடுங்கியது. "மண்ணக் கீறலாமா இப்ப?"

"அம்மன் நெலத்துலதான் ஓட்டச் சொல்றேன். கோயில் நெலம் சும்மாதான கெடக்கு?"

"அது எந்த நெலமா இருந்தா என்ன? காப்புன்னா காப்புதான்."

"என் கையில கட்டியிருக்கிறது மட்டும் என்ன மாமா, அரணாக் கயிறா?" கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டேன். நீட்டியிருக்கக் கூடாது, பெரியவர். "ஒங்களுக்கு ஒழவு எப்பிடியோ எனக்கு எழுத்து அப்பிடி. நீங்க மண்ணக் கீறுறீக. நான் என்னையவே கீறித்தான் எடுக்குறேன். அவ்வளவு அவசியம்னா ஏர் ஓட்டிட்டு வாங்க, ஒடனே எழுதித் தாரேன்."

வீட்டுக்காரர், "வாய மூடு தேவிகா" என்றார். மாமியார், "ஆத்தாடி, ஆம்பளைகிட்ட இப்பிடியா கைய நீட்டுவ?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாயக்கண்ணன் மாமா என் கையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? குழாயடியில் ஆரம்பித்து டீக்கடை வரைக்கும் அதே பேச்சு. 'அம்மனுக்கே எழுத மாட்டேன்னுட்டாளாம்ல, எம்புட்டுத் திமிரு இருக்கணும்.' எனக்கும் உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. பூக்குழியில் யாராவது தடுக்கி விழுந்தால் என் தலையில்தான் விழும். அண்ணன் கோபத்தில் போன் கவிதையே போதும் என்று என்னை நிறுத்திவிடலாம். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்திருந்தேன். நீர்க்கோழியைக் காணவில்லை. இருந்தாலும் எழுந்து போய் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. கோபம் அவ்வளவு இருந்தது. நான் செத்தால் என் பிளெக்ஸுக்கு யார் வரி எழுதுவார்கள்? அதையும் என்னிடமே முன்கூட்டி ஒரு அஞ்சு நிமிஷம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

பால்குடத்தன்று விடியற்காலையில் வீட்டுக்காரர் ஊர் முகப்புக்குப் போய்விட்டு வந்தார். என்னோடு பேசாமல் இருந்தவர் பேசினார்.

"பிளெக்ஸ் வச்சிட்டாக."

"என்ன வரி போட்டிருக்காக?"

"ஒண்ணும் போடல. அந்த எடத்த அப்பிடியே விட்டிருக்காக. போன் கவிதையப் போட்டுருவம்னு கடையில சொன்னாங்களாம். மாயக்கண்ணண்ணன்தான், போட்டா அவ எழுதுனதப் போடு, இல்லன்னா சும்மா விடுன்னுட்டாராம்."

"கோவத்துலயா, மனசறிஞ்சா?"

"தெரியல. அவரு ஒழவுக்கும் போகல. ஈரமெல்லாம் காஞ்சிருச்சு." பிறகு, "நீயே பாரு" என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் குனிந்து குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டார்.

மேளம் முன்னால் போக வரிசையாகப் போனோம். தார்ச்சாலை அந்த நேரத்திலேயே சுட ஆரம்பித்திருந்தது. முகப்பு நெருங்க நெருங்க என் முன்னால் போன பெண்கள் ஒவ்வொருத்தியும் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்ப்பது பின்னாலிருந்தே தெரிந்தது. சிலர் என்னைத் திரும்பிப் பார்க்க நினைத்து, குடம் இருப்பதால் முடியாமல் போனார்கள். எனக்கு முகம் எரிந்தது. எனக்காக விட்ட இடமா, என்னைச் சந்தியில் நிறுத்துகிற இடமா என்று தெரியவில்லை.

நானும் வந்து நின்று பார்த்தேன். அம்மன் பெரிதாக இருந்தாள். அவள் பாதத்துக்குக் கீழே ஒரு எழுத்தும் இல்லாமல் வெறும் மஞ்சள் நிறம், ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம் போல அகலமாக. எந்தப் பிளெக்ஸில் இடம் காலியாக இருந்தாலும் என் தலை ஓடிப்போய் நாலு வரியை அங்கே நிரப்பிவிடும். எட்டு வருஷத்துப் பழக்கம். ஓடட்டும் என்று காத்திருந்தேன். ஓடவில்லை. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. காற்றில் ஒருமுறை உப்பி, அடங்கியது.

பின்னால் வந்தவள், "நடக்கா, நடக்கா" என்றாள். குடம் தளும்பி, பால் ஒரு கோடாக என் நெற்றியில் இறங்கிப் புருவத்தில் தங்கியது. இரண்டு கையும் குடத்தைப் பிடித்திருந்தன. துடைக்காமல் நடந்தேன்.