சத்தமில்லாத கம்பி

சுங்காய் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் காதால்தான் கரண்டைப் பார்ப்போம், பிள்ளைகளே. எஞ்சின் கொட்டகை தடதடத்தால் கரண்டு உண்டு. காலையில் எஞ்சின் ஓட்டும் ஐயாவு அதை அணைத்துவிட்டால் சாயங்காலம்வரை கரண்டுக் கம்பி வெறும் கம்பி. அதில் சேலை காயப்போடாத பெண் கிடையாது.

தீபாவளிக்கு முதல் நாள் வெளியிலிருந்து அதே கம்பிக்கு அரசாங்கக் கரண்டு வந்தது. இனி இரவும் பகலும் வரும், எஞ்சின் வேண்டாம் என்று காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆட்களிடம் சொன்னார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த அர்ச்சுனன் குடும்பம் அன்றைக்குப் பக்கத்து ஊர் பீடோரில் இருந்தது. தீபாவளி காலையில்தான் திரும்பினார்கள்.

அவர்கள் மகள் மங்களம் பள்ளிப் பிள்ளைகளோடு பாடியதை அன்று டிவியில் காட்டப்போகிறார்கள். பகலில் வழக்கமாக மாட்டும் கார் பேட்டரியை மாட்டினால், திரை முழுக்கப் புள்ளிப் புள்ளியாய்ப் பூச்சி.

"பேட்டரி செத்துப்போச்சாங்க?" என்றாள் அர்ச்சுனனின் மனைவி செல்லாயி.

அர்ச்சுனன் கவ்விகளைக் கழற்றி, பச்சை பூத்திருந்ததைச் சுரண்டி மாட்டினான். வெளிச்சம் கூடியது, பூச்சி போகவில்லை.

"ஏரியல்தான் திரும்பிக்கிச்சு. நீ படத்தப் பாத்துச் சொல்லு."

தகரக் கூரையில் ஏறி ஏரியல் மூங்கிலைத் திருப்பினான்.

"தெரியுதா?"

"ரெண்டு மங்களம் தெரியுது!"

"ஒண்ணுக்கே தீனி போட முடியல, ரெண்டா?"

மங்களம் சிரித்தாள். இன்னும் கொஞ்சம் திருப்பினான்.

"ஆங், வந்துருச்சு! அசைக்காதீங்க, அப்படியே கட்டுங்க!"

மூங்கில் ஆடாமலிருக்க, ஒரு கம்பியைப் பக்கத்து விளக்குக் கம்பத்தின் இரும்புக் கையில் இழுத்துக் கட்டுவது எங்கள் லயத்து வழக்கம். கரண்டுக் கம்பிகளுக்கு நடுவே கையை விட வேண்டும். பகலில் யார் பயந்தார்கள்?

வேலையில்லாமல் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்த ஐயாவு, அர்ச்சுனன் கட்டுக்கம்பியோடு கம்பத்துப் பக்கம் சாய்வதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணே, தொடாதீங்க! கம்பியில கரண்டு இருக்கு!"

அர்ச்சுனன் காதைக் கொடுத்துக் கேட்டான். கொட்டகையில் சத்தமில்லை.

"எஞ்சினே ஓடலலா. காலையிலயே தீபாவளித் தண்ணியா ஐயாவு?"

சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

தகரம் ஒருமுறை அதிர்ந்தது. உள்ளே இருந்த செல்லாயிக்கு அது காலடியாகத்தான் கேட்டது.

"போதும், எறங்கி வாங்க. பாட்டு முடியப் போகுது."

மறுபடி கூப்பிட்டாள்.

"ஏங்க!"

வெளியே வந்தாள். ஐயாவு மேலே பார்த்தபடி நின்றார். அர்ச்சுனனின் கை கம்பியை விடவில்லை.

செல்லாயி ஐயாவுவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அணைங்கண்ணே! ஓடிப்போய் அணைங்கண்ணே!"

எஞ்சினாக இருந்தால் ஒரே ஓட்டத்தில் அணைத்திருப்பார். இந்தக் கரண்டை எங்கே அணைப்பது என்று தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.