நானூற்றுப் பதினேழின் வலப்பாதி

என் பழைய நார்ட்டன் மோட்டார் சைக்கிள் நான்கு தகரப் பெட்டிகளில் துருவாகத்தான் வீட்டுக்கு வந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டே, சனிக்கிழமை சனிக்கிழமையாக, ஆறு வருடம் உட்கார்ந்து அதை வண்டியாக்கினேன். வேறு யார் கையும் படவில்லை. இன்று ஒரே உதையில் கிளம்பும். அப்படியும் எங்கள் பழைய வண்டிக்காரர்கள் கிளப்பில் அதற்கு ஒட்டுவண்டி என்றுதான் பெயர்.

காரணம் என்ஜினின் அடிக்கூடு. அந்தக் காலத்தில் கூட்டின் இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்தே கடைசல் பிடித்திருக்கிறார்கள். பின்னால் பிரித்தாலும் ஜோடி மாறிவிடக் கூடாதென்று இரண்டின் அடியிலும் ஒரே எண்ணைப் பொறித்துவிடுவார்கள். என் இடப்பாதியில் 417. அதன் வலப்பாதி பெட்டிகளில் இல்லவே இல்லை. வேறு ஏதோ வண்டியின் 392-ஐ வாங்கி மாட்டியிருந்தேன். ஓடும், ஆனால் போகிற இடமெல்லாம் எண்ணெய் ஒழுகும்.

ஒவ்வொரு பிப்ரவரியும் கிளப் காட்சியில் எண் வாசிப்பு உண்டு. வாசிப்பவன் மெர்வ் டக்வெல். கண்ணாடியும் கைவிளக்குமாகப் புல்லில் மல்லாந்து, வண்டிக்கு அடியில் தலையை விட்டு, ஊருக்கே கேட்கும்படி கத்துவான். இரண்டு எண்ணும் ஒன்றானால் முன்வரிசை. இல்லையென்றால் கழிப்பறை ஓரம்.

"க்ளெனிஸ் ஹாரப்போட வண்டி! இடது நானூத்திப் பதினேழு! வலது முந்நூத்தித் தொண்ணூத்திரெண்டு!"

ஒன்பது வருடம் இதைக் கேட்டேன். ஒன்பது வருடமும் கழிப்பறை ஓரம் நின்றேன். அந்தத் தொண்ணூற்றிரண்டை அவன் வேண்டுமென்றே இழுத்து வாசிக்கிறான் என்பது என் கட்சி.

அதனால் நவம்பர் பிறந்தால் பெண்டிகோ ஊர் உதிரிபாகச் சந்தையில் வாசல் திறக்கும்போதே நான் நிற்பேன். அங்கே எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான். பொருள் உன் கையில் இருக்கும்வரை வேறு யாரும் அதற்கு விலைகூடக் கேட்கக் கூடாது. கீழே வைத்துவிட்டால் போச்சு. போன நவம்பரில் மெர்வ் தும்முவதற்காக, என்ஜினுக்குப் பொறி கொடுக்கும் ஒரு மேக்னெட்டோவைக் கீழே வைத்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் அது என் பைக்குள் போய்விட்டது. என் வண்டிக்கு அது பொருந்தக்கூடப் பொருந்தாது. அதனாலென்ன, எடுத்தேன், அவ்வளவுதான்.

இந்த நவம்பரில் நீனோ என்ற தக்காளித் தோட்டக்காரர் கடை போட்டிருந்தார். மேசையெல்லாம் டிராக்டர் சாமான். மேசைக்கடியில் ஒரு பால்பெட்டி, அதற்குள் குழாய்த் திருகுகளுக்குக் கீழே கறுப்பாக மசகு பிடித்த ஒரு பாதிக்கூடு. நார்ட்டன், வலப்பக்கம். எடுத்தேன். அடியில் விரலை விட்டு மசகை நகத்தால் வழித்தேன். நாலு. ஒன்று. கண்ணால் பார்க்கக்கூட இல்லை, விரலுக்கே தெரிந்தது. ஏழு.

கூட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"என்ன தாயே, ஒட்டுவண்டிக்கு இன்னொரு ஒட்டா?"

பின்னால் மெர்வ், கையில் சாஸ் வழியும் கறி பஃப்ஸுடன். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. எங்கே மூடுவது? ஒன்பது வருட வயிற்றெரிச்சல்.

"யோவ் மெர்வ்! யாரு வண்டிய ஒட்டுங்கற?" என்று இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

இரண்டு கையையும். கூட்டை மேசைமேல் வைத்துவிட்டு.

மெர்வ் பஃப்ஸைப் பல்லில் கவ்விக்கொண்டு கூட்டைத் தூக்கிவிட்டான்.

"அது என்னுது!"

அவன் பஃப்ஸை வாயிலிருந்து எடுத்தான். "கைலயா இருந்துச்சு?"

நான் நீனோவைப் பார்த்தேன். அவர் தோளைக் குலுக்கினார். "நீங்கதாம்மா கீழ வச்சீங்க. நான் பாத்தேன்."

மெர்வ் கூட்டைத் திருப்பி, கட்டைவிரலால் அடியைத் துடைத்து, எண்ணைப் படித்தான். அந்த எண்ணை ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"கேளு, குடுக்கறேன்" என்றான்.

"கேக்க மாட்டேன். போன வருஷம் நீ கேட்டியா?"

"எங்க கேட்டேன்? மூக்கச் சிந்திட்டு வீட்டுக்குப் போனேன்."

"அப்ப நானும் போறேன்."

போனேன். அழுகை வரப்பார்த்தது. அதை அவனுக்குக் காட்டுவதைவிட இன்னும் ஒன்பது வருடம் கழிப்பறை ஓரம் நிற்கலாம். நான்கு எட்டு வைத்திருப்பேன். பின்னால் மேசைமேல் 'ணங்' என்று ஒரு சத்தம்.

"அடடா, கையெல்லாம் சாஸாயிடுச்சே" என்று மெர்வ் உரக்கச் சொன்னான். "கீழ வச்சுட்டேனே!"

திரும்பினேன். கூடு மேசைமேல் இருந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டு, மேகம் ஒன்றுகூட இல்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓடிப்போய் இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். சட்டை முழுக்க மசகு.

"நன்றியெல்லாம் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"சொன்னா திரும்பப் புடுங்கிக்குவேன். ஒம்பது வருஷமா காஞ்ச புல்லு முதுகக் குத்த, அந்தத் தொண்ணூத்திரெண்டப் படிக்கறேன். எனக்கே வாய் கூசுது."

பிப்ரவரிக்குள் என்ஜினை முழுக்க இறக்கி, இரண்டு பாதிகளையும் சேர்த்தேன். பசை தடவும் முன்பே, வெறும் கூடாக வைத்தபோதே, நடுவில் மெல்லிய தாள்கூட நுழையவில்லை. மறுபடி பூட்டிய வண்டி ராத்தங்கிய இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. நான் செய்த வண்டி அது, எனக்குப் பெருமைப்பட உரிமை உண்டு.

காட்சியன்று மெர்வ் புல்லில் மல்லாந்து, தலையை உள்ளே விட்டான்.

"இடது நானூத்திப் பதினேழு!" கைவிளக்கு மறுபக்கம் நகர்ந்தது. பிறகு, "வலதூ... நானூத்திப் பதினேழூ!"

கூட்டம் கைதட்டியது. "பின்னால நிக்கறவங்களுக்குக் கேட்டுருக்காது" என்று சொல்லி அவன் இன்னொரு தடவையும் வாசித்தான். அவன் இழுத்து வாசிப்பது அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது.

முன்வரிசைக்கு வண்டியைத் தள்ளுவதற்கு முன், பையிலிருந்த மேக்னெட்டோவை எடுத்து அவன் தலைமாட்டில் புல்மேல் வைத்தேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தேன்.