நான்கு பின் கனெக்டர்

பிணத்தைக் குளிப்பாட்டும் நீர்மாலைத் தண்ணீர் எடுக்கப் பெண்கள் குடத்தோடு வாசலில் நின்று கூப்பிட்டும் ரோஜா உள்ளறையை விட்டு வரவில்லை. கதவை ஒருக்களித்துவிட்டு, மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள்.

முன்கூடத்தில் அவள் அப்பா செல்லச்சாமி முகம்வரை வெள்ளைத்துணி சுற்றிக் கிடந்தார். முந்தின நாள் சாயங்காலம் ஆமத்தூர்ப் பொட்டலில், வாணங்களைத் தூரத்திலிருந்தே கொளுத்தும் புதுப் பெட்டியைச் சோதித்தபோது நேர்ந்தது அது. பச்சைப் பட்டனை அமுக்கினால் வயர் இணைப்பு சரிதானா என்று மட்டும் காட்டும். அதற்கு வாணத்தின் பக்கத்திலேயே நிற்கலாம். சிவப்பை அமுக்கினால் பற்றிக்கொள்ளும். பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு ரோஜா வேலை பார்க்கும் மதுரை ஆபீசில் வரைந்தது. “எம் மவ ஆபீஸ்ல செஞ்ச பொட்டி, நாந்தான் மொதல்ல அமுக்குவேன்” என்று சண்டை போட்டு வாங்கினாராம்.

அப்பாவோடு வேலை பார்த்த சின்னச்சாமி வெளியே பேசுவது கேட்டது. “பச்சைய அமுக்குன்னா செவப்ப அமுக்கிருக்கான். அவன் அவசரம் தெரிஞ்சதுதான? கல்யாணத்தன்னிக்கு தாலி கட்டுமுன்ன பந்தில உக்காந்தவன்லா.”

யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

போர்டில் வரும் ஒவ்வொரு உறுப்புக்கும் ஆபீசில் ஒரு படம் வைத்திருப்பார்கள். அந்தத் தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். உறுப்பின் கால்களுக்கு, அதாவது பின்களுக்கு, எண்ணும் பெயரும் இடுவது ரோஜாவின் வேலை. எண்களை எப்போதும் போர்டின் மேலிருந்து பார்க்கிற வரிசையில்தான் போட வேண்டும் என்பது அங்கே விதி.

பட்டன் வயர்களைப் போர்டில் செருகும் இந்த நான்கு பின் கனெக்டருக்கு, தயாரித்தவன் கொடுத்த படத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: வயர் பக்கமிருந்து பார்த்த தோற்றம். திருப்பிப் போட்டிருக்க வேண்டும். அவள் அப்படியே போட்டிருந்தாள். திரையில் விரலை வைத்து மூன்று தரம் எண்ணினாள். சிவப்புக்கான நான்கு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைக்கான ஒன்று இருந்தது. பச்சையை அமுக்கினால் சிவப்பின் கரண்டுதான் போகும்.

கூடத்தில், அப்பா வேலை பார்த்த பட்டாசு ஆலையின் முதலாளி ரத்தினசாமி அவள் அண்ணன் அன்பரசனிடம் ஒரு தாளை நீட்டிக்கொண்டிருந்தார்.

“உங்கப்பா பட்டன மாத்தி அமுக்கிட்டாருன்னு எழுதியிருக்குப்பா. கையெழுத்துப் போட்டுட்டா சூலக்கரை போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையா நடக்க வேண்டாம்.”

“போடுறேன் மொதலாளி. செஞ்சது அவருதான.”

“போடாதண்ணே.” ரோஜா கதவருகே நின்றாள். “அப்பா பச்சையத்தான் அமுக்கியிருக்காக. பெட்டிக்குள்ள ரெண்டும் எடம் மாறியிருக்கு.”

“அத எப்படிம்மா இங்கன இருந்தே சொல்லுத?” என்றார் ரத்தினசாமி.

“பின்னுக்கு நம்பர் போட்டது நாந்தான்யா. வரிசைய மாத்திப் போட்டுட்டேன்.” “ஒங்க குடோன்ல இன்னும் ஆறு பெட்டி இருக்காம்ல. யாரையும் தொட வேண்டாம்னு சொல்லிருங்க.”

ரத்தினசாமி போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு நடந்தார். சின்னச்சாமி தோள் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அன்பரசன் தங்கையையே பார்த்தான்.

தலைமாட்டில் இருந்த அம்மா இருளம்மாள் திரும்பவில்லை. கோரைப்பாயில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பாய் வெறுமையாகக் கிடந்தது.

ரோஜா நின்றுகொண்டே இருந்தாள்.