அனுபவக் கடிதம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேகலா சேர்ந்து ஒன்பது வருஷம். ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. புதிதாக வரும் சூப்பர்வைசர்கள்கூட அவளிடம்தான் தொழில் பழகுவார்கள். ஆனாலும் கம்பெனிக் கணக்கில் அவள் இன்னும் ஹெல்பர்தான். சம்பளமும் ஹெல்பர் சம்பளம்.

இந்த முறை சூப்பர்வைசர் இடம் காலியானதும் துணிந்து மேனேஜர் சுந்தரமூர்த்தியிடமே போய்க் கேட்டாள்.

"உன்ன மெஷின்லருந்து எழுப்பினா லைன் நின்னுடும்மா," என்று சிரித்தார் அவர். "வெளியிலருந்து ஒருத்தன் வர்றான். நீதான் கத்துக் குடுக்கணும்."

பாராட்டு மாதிரிதான் இருந்தது. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

வாணியம்பாடியில் ஒரு கம்பெனி ஆள் எடுப்பதாகப் பக்கத்து மெஷின் குர்ஷித் சொன்னாள். வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு மேகலா அங்கே போனாள். ஆபீசர் நயீம் அகமது ஒரு ஜோடி தைக்கச் சொன்னார். தைத்ததை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இவ்ளோ நாளா எங்க இருந்தே? சூப்பர்வைசராவே வந்துடு. பழைய கம்பெனியில அனுபவக் கடிதம் மட்டும் வாங்கிட்டு வா."

பஸ்ஸிலேயே புருஷனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

கடிதம் கேட்டபோது சுந்தரமூர்த்தி கோபப்படவில்லை. எந்தக் கம்பெனிக்கு என்று மட்டும் விசாரித்தார். மறுநாளே கடிதம் வந்தது. வேலை: ஹெல்பர்.

"இருக்கறதத்தானம்மா எழுத முடியும்?"

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நயீம் அகமது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்க மேனேஜர் போன் பண்ணாரும்மா. ஒருத்தர் ஆள இன்னொருத்தர் இழுக்கக் கூடாதுன்னு முதலாளிங்களுக்குள்ள பேசி வெச்சிருக்காங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

வேறு போக்கிடம் இல்லாமல் திங்கட்கிழமை பழைய கம்பெனிக்கே வந்தாள். அவள் மெஷினில் அவளிடம் தொழில் பழகிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். லைன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேகலாவைப் பசை மேசைக்கு அனுப்பினார்கள். நாள் முழுக்க நின்றபடி தோலுக்குப் பசை தடவ வேண்டும். அது ஹெல்பர் வேலை. கேள்வி கேட்க முடியவில்லை.

ஒரு மாசம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் குர்ஷித் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, அரக்கோணம் பக்கம் புதுக் கம்பெனி தொறக்குறாங்களாம். கேட்டுப் பாக்கட்டுமா?"

விரலில் காய்ந்திருந்த பசையை மேகலா நகத்தால் சுரண்டினாள்.

"இனிமே எங்கிட்ட இதெல்லாம் சொல்லாத, குர்ஷித்," என்றாள்.