ஊசியக்காவின் கேள்விப் பட்டியல்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்துநாலு வருஷமாக அடுத்தவர் கையில் ஊசி குத்துவதே வேலை. வயது ஐம்பத்தொன்பது. படியேறினால் முழங்கால் முணுமுணுக்கும். கண்ணாடி இல்லாமல் குப்பியில் ஒட்டிய பெயரைப் படிக்க முடியாது. ஆனால் நரம்பைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கண்ணே வேண்டாம். விரல் நுனியால் இரண்டு தட்டு தட்டினால் போதும், எங்கே ஒளிந்திருந்தாலும் எழுந்து வந்து ஆஜர் சொல்லும்.

அப்படி ஒளிந்துகொள்கிற நரம்புக்காரர்களில் ஒருவர் அந்த ஆம்புலன்ஸ்காரர். முப்பது வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி போய் எட்டு வருஷம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பார்க்க வருவார். ஊசியக்கா வேறு ஆளோடு மும்முரமாக இருந்தால், "பரவால்லைங்க, நான் காத்திருக்கேன்" என்று ஓரமாக உட்கார்ந்துவிடுவார். நரம்புக்காகத்தான் காத்திருக்கிறார் என்று அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று ரப்பர் பட்டையைக் கட்டும்போது அவர் சொன்னார்: "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். குத்தி முடிச்சதும் கேக்கறேன். இப்பவே கேட்டா கை நடுங்கிடும்."

"யார் கை?"

"ரெண்டு பேர் கையும்."

ஊசியக்கா சிரித்துக்கொண்டே குத்தினாள், எடுத்தாள், பஞ்சை வைத்து அழுத்தினாள். "ம், கேளுங்க."

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவள் அவர் கையை மடக்கிவிட்டாள். குப்பியை இரண்டு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தித் தட்டில் வைத்தாள். "அஞ்சு நிமிஷம் கைய நீட்டாதீங்க. எனக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியுது. எதிர்த்தாப்புல டீக்கடைல இருங்க." அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அவளே தன்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். இதே கேள்வி இருபத்தொரு வயதில் வந்தபோது என்ன பாடு பட்டாள்! அன்று கூடம் நிறையப் பெரியவர்கள். "பையனைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்கள். அவள் பையனின் இடது கால் கட்டைவிரலைத் தவிர வேறு எதையும் பார்த்திருக்கவில்லை. கட்டைவிரல் ஒழுங்காகத்தான் இருந்தது. தலையை ஆட்டினாள். அவருக்கு ரேடியோ பாடாமல் தூக்கம் வராது என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. காலையில் பத்து மணிவரை பேச்சுக்கொடுத்தால் பிடிக்காது என்பதைக் கண்டுபிடிக்க நாலு மாதம். ரேடியோவைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல அவளுக்குத் தைரியம் வந்தபோது பதினோரு வருஷம் ஓடியிருந்தது. "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார் அந்த மனுஷர். தங்கமான ஆள். போய் ஏழு வருஷம் ஆகிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். கேட்கத்தான் தெரியவில்லை இருவருக்கும்.

இந்தத் தடவை அப்படி விடுவதாக இல்லை. மதியம் சாப்பிடும்போதே ஒரு பரிசோதனைச் சீட்டின் பின்பக்கம் கேள்விகளை வரிசையாக எழுதிவிட்டாள்.

டீக்கடையில் ஆம்புலன்ஸ்காரர் சட்டை மாற்றி, தலை சீவி உட்கார்ந்திருந்தார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் பிரித்தாள்.

"குறட்டை உண்டா?"

"பக்கத்து வீட்டுக்காரர் உண்டுன்னு சொல்றாரு."

"சுவர் தாண்டியா?"

"ஜன்னல் திறந்திருக்கும்ல."

"எனக்கும் உண்டு. பல்லு?"

"மேல நாலு கழட்டுறது."

"வேற வியாதி?"

"அதான் என் ரிப்போர்ட் எல்லாம் உங்ககிட்டயே இருக்கே."

ஊசியக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மாப்பிள்ளையோட ரத்தத்தையே சோதிச்சுப் பார்த்துட்டு சம்மதம் சொல்ற பொண்ணு நானாத்தான் இருப்பேன்."

"அப்ப சம்மதமா?"

"இன்னும் எட்டுக் கேள்வி இருக்கு."

ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவரும் மழுப்பாமல் பதில் சொன்னார். சமைக்கத் தெரியும், ஆனால் உப்பு தூக்கலாகப் போடுவார். கோபம் வந்தால் வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவார். மனைவியின் படம் படுக்கையறையில் இருக்கிறது, எடுக்க மனம் வராது. "எதுக்கு எடுக்கணும்? எங்க வீட்டுக்காரர் படமும் அப்படியேதான் இருக்கும்" என்றாள். யாராவது ஒருவர் படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் கேட்டாள். அவர் யோசித்துச் சொன்னார்: "நான் முப்பது வருஷம் தூக்கிட்டுப் போயிருக்கேன். நீங்க முப்பத்துநாலு வருஷம் ஊசி போட்டிருக்கீங்க. நம்மளவிட ரெடியா யாரு இருக்கா?"

கடைசிக் கேள்வியில்தான் வண்டி நின்றது. எந்த வீடு?

அவளுடையது மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. ஆனால் வேலைக்கு நடந்தே பத்து நிமிஷம். அறுபத்தைந்துவரை வேலையை விடுவதாக இல்லை. அவருடையது ஊர்க்கோடியில் தரைத்தளம். அங்கே ஒரு கிழட்டு நாய் இருக்கிறது. படி ஏறாது, இடமும் மாறாது.

"நான் வீட்டை விட மாட்டேன்" என்றாள் ஊசியக்கா.

"நானும் நாயை விட முடியாதுங்க."

டீ ஆறிப்போனது. சின்ன வயதாக இருந்தால் அவர் வாயைத் திறக்கும் முன்பே இவள் பெட்டியைக் கட்டியிருப்பாள். கட்டிவிட்டு ஆறு மாதம் குளியலறையில் அழுதிருப்பாள். இப்போது அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. இது நடந்தால் சந்தோஷம், நடக்காவிட்டால் வருத்தம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நாளைக்கும் ஏழு மணிக்கு வேலை இருக்கிறது. அந்த நினைப்பே நெஞ்சை லேசாக்கியது.

"வியாழக்கிழமைலேர்ந்து ஞாயிறுவரை உங்க வீட்டுக்கு வரேன்" என்றாள் மெதுவாக. "எனக்கு இப்ப வாரத்துல நாலு நாள்தான் வேலை, வெள்ளி, சனி, ஞாயிறு லீவு. மிச்ச மூணு நாளும் அவங்கவங்க வீட்ல."

அவர் முகம் மலர்ந்தது. "நான் கேக்கலாம்னுதான் இருந்தேன். தப்பா எடுத்துப்பீங்களோன்னு பயந்துட்டேன். எனக்கும் எட்டு வருஷமா தனியா இருந்து பழகிப்போச்சு."

விஷயத்தைக் கேட்ட மகள் அன்று சாயங்காலமே கணவனையும் இழுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்துவிட்டாள்.

"அம்மா, இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான்டி முடியுது. அந்த வயசுல நான் கட்டைவிரலைப் பார்த்துக் கல்யாணம் பண்ணினேன்."

"நாலு பேர் என்ன சொல்வாங்க?"

ஊசியக்கா அந்த நாலு பேரையும் மனதுக்குள் தேடிப் பார்த்தாள். யார் பேச்சுக்குப் பயந்து ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தாளோ, அந்த ஆட்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப்பேருக்கு இவள்மேல் எதற்குக் கோபம் என்பதே மறந்துவிட்டது. "அவங்களைக் கண்டா கேட்டுட்டு வந்து சொல்லு" என்றாள்.

"சரி, அதென்ன மூணு நாள் தனித்தனியா? அதுக்குப் பேர் கல்யாணமா?"

அதுவரை வாயே திறக்காமல் பிஸ்கெட் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை, "அத்தை, இந்தத் திட்டம் எங்களுக்கும் கிடைக்குமா?" என்றார். மகள் பார்த்த பார்வையில் பிஸ்கெட் பாதியில் நின்றது. ஒரு நொடி கழித்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் கண் கலங்கியது. "திரும்பவும் ஒருத்தரை வச்சுப் பார்த்துப் பார்த்து நீ ஓஞ்சு போயிடுவியோன்னுதான்மா பயமா இருக்கு."

ஊசியக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓஞ்சு போனா உக்காருவேன். முன்னெல்லாம் உக்காரவே எனக்குப் பயம்டி. இப்ப இல்ல."

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மகளும் மருமகனும் ஆம்புலன்ஸ்காரரின் தம்பியும் சாட்சி. எல்லாம் சேர்த்து நாற்பது நிமிஷம். வெளியே வந்து ஐந்து பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். யாரும் யாரையும் உபசரிக்கவில்லை, யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

இரண்டாவது வாரம் அவர்களுடைய முதல் சண்டை வந்தது. ஞாயிறு மதியம் அவர் குளித்துவிட்டு ஈரத் துண்டை அவள் உட்காருகிற நாற்காலியின்மேல் போட்டுவிட்டுப் போனார்.

"இது எனக்குப் பிடிக்கல" என்றாள்.

"எது?"

"ஈரத் துண்டு. நாற்காலில."

"ஓ" என்று வந்து எடுத்தார். கொடியில் போட்டார். "வேற?"

அவள் யோசித்தாள். "வேற இல்ல."

சண்டை முடிந்துவிட்டது. நம்ப முடியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். வாசலில் கிழட்டு நாய் வெயில் போகிற பக்கமாகத் தன்னை நகர்த்திக்கொண்டு படுத்தது. அவர் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்து, வெள்ளை நாரையெல்லாம் பொறுமையாக நீக்கி, சுளைகளைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். ஊசியக்கா நாற்காலியைத் துடைத்து, இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டாள்.

"புளிக்குது" என்றாள்.

"ஆமா, புளிக்குது" என்றார் அவர். இருவரும் முழுப் பழத்தையும் சாப்பிட்டு முடித்தார்கள்.