குழலுக்கு ஒரு ஊசி

அந்தக் கண்ணாடிப் பட்டறையில் ஒருவன் ஊதிக் கொடுத்த குழலை வாங்கி, அதன் வாயைச் சட்டையில் துடைத்துவிட்டு ஊதினால், அன்றோடு அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. துடைக்க நேரமில்லை என்பதும் உண்மைதான். மறுமுனையில் தொங்கும் கண்ணாடிக் குழம்பு யாருக்காகவும் காத்திருக்காது, இறுகிவிடும். ஆனால் அதெல்லாம் வெளியாட்களுக்குச் சொல்லும் சாக்கு. துடைத்தால் ‘உன் எச்சில் எனக்கு ஆகாது’ என்று அர்த்தம். கூட நின்று வேலை செய்கிறவனை அதைவிட அசிங்கப்படுத்த முடியாது.

ஒரு குழலுக்கு இரண்டு பேர். ஒருவன் உலைக்குள் குழலை விட்டுக் குழம்பை வாரி எடுத்து, உருட்டி, சின்னதாக ஒரு குமிழி ஊதுவான். அடுத்தவன் அதை வாங்கி அச்சுக்குள் இறக்கி, மூச்சைக் கொடுத்துச் சாடியாக்குவான். அந்த அடுத்தவர்களில் துருத்தியை மிஞ்ச ஆள் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இங்கே அதைக் கேட்டால் அப்படி யாரும் இல்லை என்பார்கள். அவருடைய மூச்சு அப்படி. நிதானமான மூச்சும்கூட. இத்தனை வருஷத்தில் ஒரு சாடியைக்கூட அவர் ஊதி உடைத்ததில்லை. அந்தப் பெருமையை யாராவது ஞாபகப்படுத்தாவிட்டால் அவரே ஞாபகப்படுத்துவார்.

அவர் குழலில் முதல் ஆள் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டிலேயே சாப்பாடு, மாடியில் படுக்கை. வாய் மட்டும் ஓயாது.

பட்டறையில் எல்லாமே குழல் கணக்குதான். டீ குழலுக்கு ஒரு கெட்டில். கூலி குழலுக்கு. ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்றவனும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் போன வருஷம் நர்ஸம்மா மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து வாசல் பக்கத்து அறையில் உட்கார்ந்தபோது, மேஸ்திரி எப்போதும்போலத்தான் சொன்னார்.

“உலையை விட்டுட்டு எல்லாரும் போக முடியாது. குழலுக்கு ஒருத்தர் போங்க, போதும்.”

யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. குழலுக்கு ஒரு கெட்டில் மாதிரி குழலுக்கு ஒரு ஊசி.

“நீங்க போங்க மாமா,” என்றான் மச்சினன். “உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்கக்காவுக்கு யாரு பதில் சொல்றது?”

“ஏன், நீ போயேன்டா.”

“நான் இளவட்டம். கிருமி என்னைப் பார்த்தாலே ஒதுங்கிப் போயிடும்.”

துருத்தி போனார். நெருப்புக்கு முன்னால் கண் சிமிட்டாத மனிதர், ஊசிக்கு முன்னால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். திரும்பி வந்ததும் மச்சினன் கேட்டான்: “ஊசி உள்ள போச்சா மாமா, இல்ல பயந்துபோய் அதுவே திரும்பிடுச்சா?”

பெட்டியில் பாதி மருந்து மிச்சம். பாதிப் பேர் பயந்து ஒளிந்துகொண்டார்கள் என்று நர்ஸம்மா நினைத்தாள். “உங்க ஆளுங்க ஊசிக்கு இப்படிப் பயப்படுறாங்களே,” என்று மேஸ்திரியிடம் சொன்னாள். அவர் அதை விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். இன்னும் ஒரே ஒரு கேள்வி அவளும் கேட்டிருக்கலாம், அவரும் கேட்டிருக்கலாம். ரெண்டு பேருக்கும் வேலை தலைக்கு மேல் இருந்தது.

இந்த வருஷம் குளிர் இறங்கியதும் விளக்குக் கூடு ஊதும் குழலில் முதல் ஆள் காய்ச்சலில் படுத்தான். உலைச் சூடும் வெளிக் குளிரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அதே குழலில் அவனோடு ஊதும் குழல்காரர் மறுநாள் பார்க்கப் போனபோது ஆள் உயிரோடு இல்லை. அந்த அதிர்ச்சி ஆறுவதற்குள் புட்டிக் குழலில் இன்னொருவன் விழுந்தான். அப்புறம் ஒருநாள் காலை, மச்சினன் உலைக்கு முன்னால் நின்றுகொண்டு கையால் கண்ணை மறைத்தான்.

“வெளிச்சம் கண்ணைக் குத்துது மாமா.”

உலைக்காரன் வெளிச்சம் குத்துகிறது என்று சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. விழுந்த ரெண்டு பேருக்கும் கழுத்து வளையாமல் போனதைத் துருத்தி கேள்விப்பட்டிருந்தார். “அச்சைக் குனிஞ்சு பாருடா,” என்றார். அவனால் குனிய முடியவில்லை. கழுத்து கட்டையாக நின்றது. பேன்ட்டைத் தூக்கிப் பார்த்தால் கணுக்காலுக்கு மேலே ஊதா நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. துருத்தி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சாமான் வண்டிக்கு ஓடினார்.

“சீக்கிரம் கொண்டுவந்தீங்க, நல்லது,” என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். “ஆனா இப்போதைக்கு எதையும் உறுதியா சொல்ல முடியாது.”

மறுநாள் நர்ஸம்மா மறுபடி வந்தாள். இந்த முறை ஊசி இல்லை, நீளமான பஞ்சுக் குச்சிகள். சாடிகளை வைக்கோலில் பொதியும் அறையில் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். வாயைத் திறக்கச் சொல்லி, தொண்டையின் பின்பக்கத்தைக் குச்சியால் தடவி எடுத்தாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை, ஓங்கரிப்புதான் வந்தது. ஒவ்வொருவரிடமும் போன வருஷம் ஊசி போட்டாயிற்றா என்று கேட்டாள். துருத்தி “போட்டேன்” என்றார். அவருக்குப் பின்னால் நின்றவன் சொன்னான்:

“எங்க குழலுக்குப் போட்டாச்சும்மா.”

நர்ஸம்மாவுக்குப் புரியவில்லை. “உங்களுக்குப் போட்டாச்சா?”

“அதான், குழலுக்குப் போட்டாச்சு. என்கூட ஊதுற அண்ணன் போட்டுக்கிட்டாரு.”

அவள் அடுத்தவனிடம் கேட்டாள். அவனும் அதையே சொன்னான். செத்துப்போனவனுடைய குழலில் ஊசி போட்டது யார் என்று கேட்டாள். அவனுடைய குழல்காரர் கையைத் தூக்கினார், பாதியிலேயே கையைக் கீழே போட்டுவிட்டார். புட்டிக் குழலிலும் அப்படித்தான். விழுந்த மூன்று பேருமே ஊசிக்குப் போகாமல் உலையைப் பார்த்துக்கொள்ள நின்றவர்கள்.

நர்ஸம்மா வைக்கோல் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “குழலுக்கு எப்படிங்க ஊசி போடுறது?” என்றாள். கோபம் இல்லை, அழுகைக்குப் பக்கத்தில் இருந்த குரல்.

“நான்தாம்மா சொன்னேன்,” என்றார் மேஸ்திரி. அவர் முகம் செத்துப்போயிருந்தது.

“நானும்தான் கேக்கல. பாதி மருந்தைத் திருப்பி எடுத்துட்டுப் போனேனே, ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.”

யாரையும் குறை சொல்ல மனசு வரவில்லை. குழம்பையும் மூச்சையும் எச்சிலையும் ரெண்டாகப் பிரித்துப் பழக்கமில்லாதவர்கள், ஒரு ஊசியை ரெண்டு உடம்புக்குப் போதும் என்று நினைத்ததில் என்ன ஆச்சரியம்?

தொண்டையில் எடுத்ததன் முடிவு வந்த அன்று, நர்ஸம்மா துருத்தியை மட்டும் கைகழுவும் குழாயடிக்குக் கூப்பிட்டாள்.

“உங்க தொண்டையில அந்தக் கிருமி இருக்குங்க.”

“எனக்குத்தான் ஊசி போட்டீங்களேம்மா.”

“அதனாலதான் நீங்க நிக்கிறீங்க. இது பல பேரு தொண்டையில சும்மா குடியிருக்கும், ஒரு தொந்தரவும் பண்ணாது. எப்பவாவது ஒருத்தர் ரத்தத்துக்குள்ள இறங்கிடும், அப்பதான் ஆபத்து. போட்டவங்களுக்கு ஊசி அப்படி இறங்காமப் பாத்துக்கும். தொண்டையில குடிவர்றதையும் குறைக்கும். ஆனா ஒரேயடியா நிறுத்தாது. எல்லாருக்கும் போட்டிருந்தா அது வீடு கிடைக்காம அலைஞ்சு தானே குறைஞ்சிருக்கும். பாதி வீடு திறந்து கிடந்துச்சு.”

துருத்தி குழாயைத் திறந்தார், மூடினார். “அப்ப அவனுக்கு என்கிட்ட இருந்துதான் வந்துச்சு.”

“அது யாருக்கும் தெரியாதுங்க. அவர்கிட்ட இருந்து உங்களுக்கு வந்திருக்கலாம். மூணாவது ஆளாவும் இருக்கலாம். இன்னும் எத்தனையோ பேருக்கு இருக்கு. உங்க முடிவை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.”

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அவருக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான்: ஊசியை அவன் கொடுத்தான், கிருமியை நான் கொடுத்தேன்.

பட்டறைக்கும் வீடுகளுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்த மாத்திரை. அந்தக் கஷ்டத்திலும் கழிவறைப் பக்கம் கொஞ்சம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கண்ணீரும் அதே நிறத்தில் வரும் என்று நர்ஸம்மா சொன்னதை ஆண்கள் யாரும் காதில் வாங்கவில்லை. துருத்தியின் மனைவி வாங்கியிருந்தாள்.

“இது என்ன, தலையணையில?” என்றாள் காலையில்.

“மாத்திரைச் சாயம்.”

“தலையணைக்கு யாரு மாத்திரை குடுத்தா?”

அதற்கு மேல் அவரால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ‘உங்க மேல தப்பில்ல’ என்று அவள் சொல்லவில்லை. கூடப் பிறந்தவன் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கும்போது அவ்வளவு பெரிய மனசு அவளுக்கு வரவில்லை. தலையணை உறையை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

“அவன் பொழைச்சு வரட்டும். அப்புறம் நீங்களே அவன்கிட்ட சொல்லுங்க. வேற யாரு வாயில இருந்தும் அவன் இதைக் கேக்கக் கூடாது.”

சொன்னால் அவன் என்ன செய்வான் என்று துருத்தி நினைத்து நினைத்துப் பார்த்தார். திட்டினால் பரவாயில்லை. அடித்தாலும் பரவாயில்லை. இனிமேல் அவன் தன் குழலை அவரிடம் நீட்டாமல் போய்விட்டால்? அந்தப் பயம்தான் அவரைத் தின்றது.

அவன் பிழைத்தான். கண் திறந்தான், சாப்பிட்டான், நர்ஸுகளைக் கிண்டல் செய்தான். இடது காது மட்டும் போனது போனதுதான், திரும்பவில்லை. துருத்தி தினமும் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாத்திரை சாப்பிட்டாயிற்று, திரும்பப் பரிசோதித்துத் தொண்டை சுத்தம் என்றும் சொல்லியாயிற்று. ஆனாலும் அவன் பக்கம் மூச்சு விட அவருக்குத் தைரியம் வரவில்லை. முடிந்த மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்காருவார், முடியாதபோது வராந்தாவுக்கு எழுந்துபோய் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். சொல்லவும் இல்லை. இன்றைக்கு அவன் களைத்திருக்கிறான், நாளைக்குச் சொல்லலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனார். சுத்தக் கோழைத்தனம்.

இதற்கிடையில் பட்டறையில் எல்லோருக்கும் ஊசி போட்டாயிற்று. இந்த முறை நர்ஸம்மா ஐஸ் பெட்டியை உலைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டாள். ஒவ்வொருவரும் வந்து உட்கார, மேஸ்திரியே அவன் குழலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியாக அவரும் கையை நீட்டினார். வீட்டுப் பிள்ளைகளுக்கும் போட்டார்கள். குழலின் வாயில் மாட்டிக் கழற்ற ஆளுக்கொரு எஃகு மூக்கு வந்தது. முதலில் முணுமுணுத்தார்கள், ‘இதென்ன, சம்பந்தியா நாம, தனித்தனித் தட்டுல சாப்பிட?’ என்றார்கள். அப்புறம் செத்துப்போனவனை நினைத்து வாயை மூடிக்கொண்டார்கள். சில மாதம் கழித்து நர்ஸம்மா மறுபடி பஞ்சுக் குச்சியோடு வந்து எல்லார் தொண்டையையும் தடவினாள். முன்பு எத்தனையோ பேருக்கு இருந்த கிருமி, இப்போது மொத்தப் பட்டறையிலும் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் மேஸ்திரியின் டீயை எடுத்துக் குடித்துவிட்டாள்.

மச்சினன் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், துருத்தி அவனுக்கு இடது பக்கமாகப் போய் நின்றார். தற்செயல் என்று அவர் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். உலை இரைந்துகொண்டிருந்தது. அவன் குழம்பை வாரி எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான். அவர் அந்தக் கேட்காத காதுக்குப் பக்கத்தில், ஒரே மூச்சில் சொன்னார்:

“அந்தக் கிருமி என் தொண்டையில இருந்துச்சுடா. நீ எனக்கு விட்டுக்குடுத்த ஊசியைப் போட்டுக்கிட்டு நான் நல்லா இருந்தேன். என்னை மன்னிச்சிடு.”

அவன் உருட்டிக்கொண்டே இருந்தான். துருத்திக்கு ஒரு கணம் நிம்மதி. உடனே அந்த நிம்மதியை நினைத்து வெட்கம்.

“மாமா,” என்றான் அவன், தலையைத் திருப்பாமல். “இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க.”

அவர் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தார். வாயைத் திறந்தார். “குழல் சூடு,” என்றார். “பாத்துப் பிடி.”

“குழல் சூட்டுக்கா கண்ணு கலங்குது?” அவன் சிரித்தான். “எனக்கு அப்பவே தெரியும் மாமா.”

“யாரு சொன்னா? அக்காவா?”

“யாரும் சொல்லல. ஆஸ்பத்திரியில நான் கண்ணை மூடிப் படுத்திருப்பேன், நீங்க வந்து உக்காருவீங்க. மூச்சே கேக்காது. இத்தனை வருஷமா என் காதுகிட்ட ஊதுற மூச்சு மாமா அது. ஒரு காதுதான் போச்சு எனக்கு. நீங்க மூச்சை அடக்கிட்டு உக்கார்ந்தா, எதுக்குன்னு புரியாதா?”

துருத்தி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

“எங்கக்காவைக் குடுத்தோம், ஊசியையும் குடுத்தோம்,” என்றான் அவன். “பதிலுக்குக் கிருமியா குடுக்குறது? நல்ல சம்பந்தம்தான் போங்க.” குமிழியை ஊதி, தன் எஃகு மூக்கைக் கழற்றிக்கொண்டு குழலை நீட்டினான். “இறுகுது மாமா. புடிங்க.”

அவர் தன்னுடைய மூக்கை மாட்டினார். அச்சுக்குள் இறக்கி வாயை வைத்தார். இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி வந்தது. சாடி அச்சை மீறிப் புடைத்து, மெல்லிய தாளாகி, படாரென்று உடைந்து சிதறியது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மேஸ்திரி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து தானே கூட்டத் தொடங்கினார்.