இடது ஓரத்து விளக்கு

சின்னராசு என்ற பெயரை வைதேகி முதலில் பார்த்தது ஒரு மின்னஞ்சலில்தான். சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறை. பழுதுபார்க்க வந்த கப்பலின் தொட்டிக்குள் இறங்கிய சின்னராசு மூச்சுத் திணறி விழுந்துவிட்டார். உயிர் தப்பிவிட்டது, விசாரணை நடக்கிறது, அவர் பாதுகாப்பு விளையாட்டை ஆடித் தேறியதற்கான பதிவை உடனே அனுப்புங்கள் என்று பட்டறையிலிருந்து கேட்டிருந்தார்கள்.

அந்த விளையாட்டுக்குப் படங்கள் வரைந்தவள் வைதேகி. தஞ்சோங் பகாரில் ஒன்பது பேர் வேலை பார்க்கும் சின்ன நிறுவனத்தில் அவளுக்கு வேலை. தொட்டிக்குள் இறங்குகிற ஒவ்வொரு தொழிலாளியும் தன் கைப்பேசியில் அதை ஆடித் தேறியாக வேண்டும் என்பது பட்டறையின் விதி. தொட்டி வாயருகே காற்றைச் சோதிக்கும் மீட்டர் ஒன்று தொங்கும். அதன் விளக்கு சிவப்பாக இருந்தால் காத்திருக்க வேண்டும். பச்சையான பிறகு ‘இறங்கு’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அந்த விளையாட்டின் உயிரே அதுதான்.

நிறுவனத்தை நடத்தும் சுரேந்தர் பதிவைத் திறந்து பார்த்தார். முதல் தடவை நாற்பது மதிப்பெண், அடுத்து எழுபது, மூன்றாவது முறை நூற்றுக்கு நூறு. அவர் முகம் தெளிந்தது.

“நம்ம பக்கம் கிளியர் லா,” என்றார். “அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. கவனிக்காம எறங்கிட்டாரு, பாவம்.”

வைதேகிக்கு மட்டும் ஏதோ நெருடியது. நாற்பதிலிருந்து நூறுக்கு வந்தவர் எதைக் கற்றுக்கொண்டு வந்தார் என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் அவர் பொத்தானை அழுத்திய நேரத்தை வரிசையாகப் படித்தாள். முதல் ஆட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே அழுத்தித் தோற்றிருந்தார். இரண்டாவதில் கொஞ்சம் முன்பின்னாக. மூன்றாவதில் எல்லா இடத்திலும் ஆறாவது விநாடியில் அழுத்தியிருந்தார். விளக்கு சில இடங்களில் இரண்டாவது விநாடியில் பச்சையாகும், சில இடங்களில் ஐந்தாவதில். எதுவாக இருந்தாலும் அவர் ஆறிலேயே நின்றார். விளக்கைப் பார்க்கிறவர் இப்படி அழுத்த மாட்டார்.

பதிவின் கடைசியில் அவருடைய கைப்பேசியின் திரை அளவு இருந்தது. பழைய மாதிரி, நீளம் குறைந்த திரை. அதைப் படித்ததும் அவள் தன் படத்தின் அளவை எடுத்துப் பார்த்தாள்.

கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து ஆடும் விளையாட்டு அது. இப்போது வருகிற நீளத் திரைகளுக்காகத்தான் அவள் படத்தை வரைந்திருந்தாள். பழைய திரையில் அதே படம் உயரத்தை நிரப்பிக்கொண்டு நிற்கும். இரண்டு பக்கமும் இருநூற்று நாற்பது பிக்சல் அளவுக்குப் படம் திரைக்கு வெளியே போய்விடும். அதனால்தான் முக்கியமான எதையும் ஓரத்தில் வைக்கக் கூடாது என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் கற்றுக்கொண்ட பாடம் அது. முதலில் மீட்டரைத் தொட்டி வாய்க்கு மேலே, நட்ட நடுவில்தான் வரைந்திருந்தாள். அந்த இடத்தில் தங்கள் சின்னம் வர வேண்டும் என்று பட்டறையில் கேட்டார்கள். மீட்டரை இடது ஓரத்துக்குத் தள்ளினாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் தள்ளினாள். அலுவலகத்தில் சோதித்த நான்கு கைப்பேசிகளும் புதியவை, நீளமானவை. எல்லாவற்றிலும் படம் அழகாக இருந்தது. பிறகு அவள் பார்க்கவே இல்லை.

கணினியில் பழைய திரை அளவை வைத்துப் படத்தைத் திறந்தாள். கருத்த இரும்புச் சுவரும் தொட்டி வாயும் பொத்தானும் இருந்தன. மீட்டர் இல்லை.

சின்னராசைத் தூக்கி வெளியே கொண்டுவந்தவர் என்று மின்னஞ்சலில் ஜாஃபர் என்பவரின் பெயரும் எண்ணும் இருந்தன. வைதேகி யாரிடமும் சொல்லாமல் அவரை அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தேக்கா சந்தைக்கு வரச் சொன்னார்.

கூட்டத்துக்கு நடுவே ஒரு மேசையைப் பிடித்து ஜாஃபரும் சின்னராசும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னராசுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். வலது கை நிற்காமல் நடுங்கியது. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துத்தான் பேசினார். மூளைக்குக் காற்று போகாமல் இருந்த அந்தச் சில நிமிடங்களில் வந்தது, எவ்வளவு சரியாகும் என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை என்று ஜாஃபர் மெல்லச் சொன்னார்.

வைதேகி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, அந்த விளையாட்டை ஒருமுறை ஆடிக் காட்ட முடியுமா என்று கேட்டாள். சின்னராசு கைப்பேசியை மேசைமேல் வைத்து, இடது கையால் திறந்தார். தொட்டி வாய் வந்தது. அவர் உதடு அசைந்தது. ஒண்ணு, ரெண்டு என்று தனக்குள்ளேயே எண்ணினார். ஆறு வந்ததும் அழுத்தினார். ‘சரி’ என்று திரை ஒளிர்ந்தது.

எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று கேட்டாள்.

“எறங்கறதுக்கு முந்தி வெளிய கொஞ்ச நேரம் நிக்கணும்னு வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்க்கா,” என்றார். “அன்னைக்கும் நின்னேன். ஆறுக்கு மேலயே எண்ணினேன்.”

அன்று மேற்பார்வையாளர் வேறு தொட்டிக்குப் போயிருந்தார் என்றும், மீட்டர் பக்கத்திலேயே தொங்கியது என்றும், அது எதற்கென்று சின்னராசுக்கு யாரும் சொல்லவில்லை என்றும் ஜாஃபர் சொன்னார்.

வைதேகி தன் கைப்பேசியில் அதே காட்சியைத் திறந்து அவருடையதன் பக்கத்தில் வைத்தாள். இடது ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்து, பச்சையானது. இருவரும் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“இத வரைஞ்சது நான்தான்,” என்றாள். “உங்க போன்ல இது தெரியுதான்னு நான் பாத்திருக்கணும். பாக்கல. தப்பு என்னோடது.”

ஜாஃபர் எழுந்து நின்றுவிட்டார். பிறகு சின்னராசைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். சின்னராசு கோபப்படவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“எல்லாரும் என்னத்தான் கவனமில்லாதவன்னு சொல்றாங்க,” என்றார் அவர். “எங்கப்பாகூட போன்ல கேட்டாரு, ஏண்டா பாத்து எறங்கக் கூடாதான்னு. நீங்க சொன்னத அவங்ககிட்டயும் சொல்வீங்களாக்கா?”

சொல்கிறேன் என்றாள்.

திங்கட்கிழமை சுரேந்தர் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். கெட்டவர் இல்லை அவர். ஒன்பது குடும்பங்களின் பிழைப்பை நினைத்துப் பயந்தார். படத்தைச் சத்தமில்லாமல் திருத்தி அனுப்பிவிடலாம், விசாரணைக்குக் கேட்ட பதிவை மட்டும் கொடுத்தால் போதும் என்றார். பழைய திரையுள்ள கைப்பேசியில் ஆடித் தேறியவர்கள் எத்தனை பேர் என்று அவள் எண்ணி வைத்திருந்தாள். முந்நூற்றுப் பதினொரு பேர். அவர்கள் இன்றைக்கும் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். அன்று பிற்பகலே இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, தன் பெயரில், விசாரணை அதிகாரிக்கு எழுதி அனுப்பினாள்.

மறுநாளே பட்டறை விளையாட்டை நிறுத்தியது. முந்நூற்றுப் பதினொரு பேரையும் அழைத்து, உண்மையான மீட்டரைக் கையில் கொடுத்துச் சொல்லித்தந்தார்கள். ஒப்பந்தம் கைவிட்டுப் போயிற்று. சுரேந்தர் வைதேகியை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் பல வாரங்கள் அவளோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் மின்பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் டவருக்குப் போய்ப் பதினோரு பழைய கைப்பேசிகள் வாங்கிவந்து மேசைமேல் அடுக்கினாள். அதற்குப் பிறகு அவள் வரைந்த எந்தப் படமும் அந்தப் பதினொன்றிலும் திறந்து பார்க்காமல் வெளியே போகவில்லை.

விசாரணை அறிக்கை வர நான்கு மாதமானது. மேற்பார்வையில் இருந்த குறையும் பயிற்சியில் இருந்த குறையும் அதில் பதிவாகியிருந்தன. தொழிலாளி தனக்குக் கற்பிக்கப்பட்டபடியே நடந்துகொண்டார் என்று ஒரு வரி இருந்தது. ஜாஃபர் அந்த வரியை வைதேகியிடம் தமிழில் கேட்டு வாங்கி, சின்னராசின் அப்பாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினார்.

சின்னராசு ஊருக்குத் திரும்பும் நாளில் வைதேகி சாங்கி விமான நிலையத்துக்குப் போனாள். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் பெட்டியை அவள் வாசல்வரை தள்ளிக்கொண்டு போனாள்.

“வரேன்க்கா,” என்றார்.

அவர் உள்ளே போய் மறைகிற வரைக்கும் நின்றிருந்துவிட்டு, தன் வீடு இருக்கும் புக்கிட் பாத்தோக்குக்கு ரயிலேறினாள்.